இரண்டு மாதம் தட்டிய தமிழ் விளக்கங்கள் படத்துக்குள் இல்லை. எங்கே போயின?

பழையபெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய புகைப்படங்களை ஒருவழியாக ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். மொத்தம் 1,386. அதில் 410 டிஃப், மீதி எல்லாம் ஜேபெக். 1962லிருந்து 1989 வரை, பெரும்பாலும் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் எடுத்தவை. படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்ல இன்றைக்கு ஒரே ஒருவர்தான் மிச்சம், என் அத்தை. அவருக்கு வயது 84. தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல விளக்கப் பெட்டியில் தமிழிலேயே தட்டினேன். இரண்டு மாதம் ஆனது.

போன வாரம் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கோவையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, படமெல்லாம் நல்லா வந்திருக்கு, ஆனா பேர் ஒண்ணுமே இல்லையே" என்கிறான். என் கணினியில் திறந்தால் எல்லாம் இருக்கிறது. அவனிடம் ஒரு வரி கூட இல்லை.

எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லிக் குறை கூற விரும்பவில்லை. கேட்டலாக் வைத்து வேலை செய்கிற வகை. நான் தட்டியது எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதைப் படத்தோடு ஒட்டவைப்பது எப்படி என்று தெரிந்தால் போதும்.

பிக்சல்கொல்லன்:

முதலில் ஒன்று. அந்த மென்பொருளை நீக்கவோ கணினியை ஃபார்மேட் செய்யவோ வேண்டாம். நீங்கள் தட்டிய எல்லாமே பத்திரமாக இருக்கிறது, ஆனால் படத்துக்குள் இல்லை. கேட்டலாக் வகை மென்பொருள்கள் ஒரு தரவுத்தளத்தில்தான் எழுதுகின்றன. லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் கோப்பு உள்ளே வெறும் எஸ்க்யூலைட் தரவுத்தளம். டார்க்டேபிளின் லைப்ரரியும் அதேதான். வெளிச்சத்தைக் கூட்டினாலும், பெயர் எழுதினாலும், ஐந்து நட்சத்திரம் கொடுத்தாலும், "இந்தப் பாதையில் இருக்கும் இந்தப் படத்துக்கு இது" என்று தரவுத்தளத்தில் ஒரு வரி சேரும். படக் கோப்பில் ஒரு பைட் கூட மாறாது. நீங்கள் படங்களை மட்டும் நகல் எடுத்தீர்கள், அதனால் விளக்கங்கள் உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டன.

இப்போது கேட்டலாக் கோப்பை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு "மெட்டாடேட்டாவைக் கோப்பில் எழுது" (மெட்டாடேட்டா என்றால் விளக்கம், தேதி போல படத்தைப் பற்றிய தகவல்) என்கிற பொருளில் ஒரு கட்டளை மெனுவில் இருக்கிறதா என்று தேடுங்கள். லைட்ரூமில் படங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எஸ் அழுத்த வேண்டும். மாற்றம் செய்யும்போதே தானாக எழுதவும் அதன் கேட்டலாக் அமைப்புகளில் ஒரு டிக் உண்டு. டிஜிகேமில் எதை எங்கே எழுதுவது என்று தனிப் பக்கமே இருக்கிறது. டார்க்டேபிள் மட்டும் மூலப்படத்தைத் தொடவே தொடாது, பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பை எழுதிவைக்கும். எக்ஸ்எம்பி என்பது இந்த விவரங்களை எழுதிவைக்கும் ஒரு முறை, தனிக் கோப்பாகவும் இருக்கலாம், படத்துக்குள்ளேயும் இருக்கலாம்.

பழையபெட்டி:

மிக்க நன்றி. நகல் எடுத்துவிட்டேன், கட்டளையும் கிடைத்தது. ஐந்து படத்தில் மட்டும் போட்டுப் பார்த்தேன். வேறொரு மென்பொருளில் திறந்தபோது விளக்கம் வந்தது! அத்தையிடம் காட்டினேன், அவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்று புரியவில்லை.

ஒரு பயம். ஜேபெக்கை ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் தரம் குறையும் என்பார்களே. விளக்கம் எழுதும்போதும் குறையுமா? நாளைக்கு அத்தைக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தால் மறுபடி எழுத வேண்டும்.

பிக்சல்கொல்லன்:

குறையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஜேபெக் கோப்பை ஒரு கூட்ஸ் வண்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் ஆரம்பிக்கும், எஃப்எஃப் டி9 என்று முடியும். நடுவில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் அது என்ன பெட்டி, எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கும். கேமரா விவரம் ஒரு பெட்டி, எக்ஸ்எம்பி ஒரு பெட்டி, வண்ண விவரம் ஒரு பெட்டி. இவையெல்லாம் போன பிறகு கடைசியில்தான் சுருக்கப்பட்ட படம் வருகிறது. விளக்கத்தை மாற்றும் நல்ல மென்பொருள் அந்த ஒரு பெட்டியைக் கழற்றிப் புதிய பெட்டியை மாட்டி, படப் பகுதியை அப்படியே பைட்டுக்குப் பைட் நகலெடுத்துவிடும். படத்தைப் பிரித்து மறுபடி சுருக்குவதே இல்லை.

எக்ஸ்எம்பியில் இன்னொரு வசதியும் உண்டு. எழுதும்போதே முடிவில் 2 முதல் 4 கிலோபைட் வரை வெற்று இடம் விட்டுவைப்பது வழக்கம். பிறகு நாலு வார்த்தை சேர்த்தால் அந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும், முழுக் கோப்பையும் திருப்பி எழுதத் தேவையில்லை. உங்கள் பெரிய டிஃப் கோப்புகளுக்கு இது உதவும்.

தரம் குறைவது எப்போதென்றால், தொகுப்பு மென்பொருளில் படத்தைத் திறந்து, விளக்கம் எழுதி, "சேவ் ஆஸ்" கொடுத்து மறுபடி ஜேபெக் ஆக்கும்போது. அப்போது படம் முழுதாக மீண்டும் சுருக்கப்படுகிறது. அந்த வழியில் போகாதீர்கள்.

பெட்டியின் நீளத்தைச் சொல்ல இரண்டு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகையால் ஒரு பெட்டி 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது, மிஞ்சினால் பல பெட்டிகளாகப் பிரித்து எழுத வேண்டும். அத்தை எவ்வளவு கதை சொன்னாலும் அது போதும்.

மாலைப்பதிப்பு:

நான் பல வருடமாகப் பத்திரிகையில் புகைப்படப் பிரிவில் இருக்கிறேன். நண்பர் பெட்டி என்று சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழையபெட்டி சார் அதில் மாட்டப்போகிறார் என்று தோன்றுவதால் சொல்கிறேன்.

ஒரே விளக்கம் ஒரே கோப்புக்குள் மூன்று இடங்களில் இருக்க முடியும். முதலில் வந்தது ஐபிடிசி ஐஐஎம். 1991இல் செய்தி நிறுவனங்கள் படங்களைப் பரிமாறிக்கொள்ளச் செய்தது. பிறகு 1995இல் ஜப்பானியக் கேமரா உலகத்திலிருந்து, கேமரா விவரங்களை எழுதும் எக்ஸிஃப் வந்தது. 2001இல் அடோபி எக்ஸ்எம்பியைக் கொண்டுவந்தது, 2012இல் அது ஐஎஸ்ஓ தரமானது. ஒன்று வந்ததும் மற்றது போய்விடவில்லை. மூன்றும் இன்றைக்கும் ஒரே ஜேபெக்கில் குடியிருக்கின்றன, மூன்றிலும் கேப்ஷனுக்கு இடம் இருக்கிறது.

அப்படியானால் மூன்றும் வேறுவேறாகச் சொன்னால் எதை நம்புவது? இதைப் பேசித் தீர்க்கத்தான் 2006இல் அடோபி, ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி எல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். எந்தப் புலம் எதற்குச் சமம், முரண்பட்டால் யாருக்கு முன்னுரிமை என்று வழிகாட்டி எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்தது கைரேகை விஷயம். எக்ஸ்எம்பி தெரிந்த மென்பொருள் ஐபிடிசி பகுதியை எழுதி முடித்ததும் அதன் எம்டி5 கைரேகையை, அதாவது பைட்களிலிருந்து கணக்கிட்ட, ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் ஒரு எண்ணை, கோப்பிலேயே வைத்துவிடும். அடுத்து திறக்கிறவர் கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பார். மாறியிருந்தால், எக்ஸ்எம்பி தெரியாத பழைய மென்பொருள் ஏதோ நடுவில் ஐபிடிசியைத் திருத்தியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஐபிடிசியை எடுத்துக்கொள்ள வேண்டும். மாறவில்லையென்றால் எக்ஸ்எம்பிதான் புதியது.

எல்லா மென்பொருளும் இதைப் பின்பற்றுவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுபவை உண்டு, ஒன்றை மட்டும் படிப்பவையும் உண்டு. சார், ஐந்து படத்தோடு நிறுத்தி, வேறுவேறு மென்பொருளில் திறந்து பாருங்கள்.

பழையபெட்டி:

மாலைப்பதிப்பு சார், நீங்கள் சொன்னதுபோலவே மாட்டிக்கொண்டேன்.

அந்த ஐந்தைத் தம்பிக்கு அனுப்பினேன். விளக்கம் சரியாக இருக்கிறது. ஊர் என்ற புலத்தில் மட்டும் "திருவண்ணாம" என்று பாதியில் நின்று, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. இன்னொன்றில் காஞ்சிபுரம் என்று நான் தட்டியது "காஞ்சிபுரம" என்று புள்ளி இல்லாமல் நிற்கிறது. என் கணினியில் இரண்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. நான்தான் தப்பாகத் தட்டினேனோ என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

யாழ்_டொராண்டோ:

அண்ணை, நீங்கள் பிழையாகத் தட்டவில்லை. என்னுடைய அம்மாவின் படங்களில் யாழ்ப்பாணம் எல்லாம் "யாழ்ப்பாணம" என்றுதான் நிற்கிறது. விசைப்பலகையில் ஏதோ கோளாறு என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யாராவது விளங்கப்படுத்துங்கோ.

பிக்சல்கொல்லன்:

இதை நான், கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மாதிரிப் படத்தில் ஊர் என்று திருவண்ணாமலையை எழுதிப் பார்த்தேன்.

ஐபிடிசி ஐஐஎம்மில் ஊர்ப் புலத்துக்கு வரம்பு 32 பைட். 1991இல் வகுத்தவர்கள் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டார்கள். ஆங்கிலத்தில் திருவண்ணாமலை 15 எழுத்து, 15 பைட், தாராளமாக அடங்கும். தமிழில், எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். நம் கண்ணுக்கு தி, ரு, வ, ண், ணா, ம, லை என ஏழு எழுத்து. கணினிக்கு த, இகரக் கொக்கி, ர, உகரச் சுழி, வ, ண, புள்ளி, ண, துணைக்கால், ம, ல, ஐகாரக் கொம்பு என 12 குறியீடு. 12ஐ மூன்றால் பெருக்கினால் 36 பைட், வரம்பைவிட நாலு பைட் கூடுதல்.

மென்பொருள் 32இல் கத்தரி போடுகிறது. பத்துக் குறியீட்டுக்கு 30 பைட், அதாவது "திருவண்ணாம" வரை முழுசு. மீதி இரண்டு பைட் ல-வின் முதல் இரண்டு. ல என்றால் ஈ0 ஏஈ பி2. கோப்பில் ஈ0 ஏஈ மட்டும் தொங்குகிறது, பி2 இல்லை. அந்த அரைகுறை ல-தான் உங்கள் தம்பி திரையில் கேள்விக்குறியாகத் தெரிகிறது.

காஞ்சிபுரத்துக்கு 11 குறியீடு, 33 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். கடைசிக் குறியீடு ம் மேல் இருக்கும் புள்ளி, அது உடைகிறது. யாழ்ப்பாணமும் எண்ணிப் பார்த்தேன், அதே 11. தஞ்சாவூர் 27, கும்பகோணம் 30, இரண்டும் தப்பித்துவிடும். மட்டக்களப்பு 36, தப்பிக்காது.

எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு கிடையாது, அதில் ஊர்ப் பெயர் முழுதாக இருக்கிறது. உங்கள் மென்பொருள் எக்ஸ்எம்பியைப் படிக்கிறது, தம்பியுடையது ஐபிடிசியைப் படிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஊர்ப் பெயர்களை நம் எழுத்தில் எழுத இடம் போதாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அன்றைக்கு யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தப் புலத்தை இன்றைக்கும் பழைய வரம்போடே நிரப்புகிறோம்.

யாழ்_டொராண்டோ:

இப்ப விளங்குது. நன்றி தம்பி. அம்மாவின்ரை படங்களை எல்லாம் திரும்பப் பார்க்கவேணும்.

மாலைப்பதிப்பு:

அருமை. இதே வரம்பு கீவேர்டுக்கு 64 பைட், எடுத்தவர் பெயருக்கு 32, கேப்ஷனுக்கு 2,000. எடுத்தவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி என்றால் 45 பைட். எங்களுக்கு வரும் படங்களில் பாதிப் பெயரோடு வருபவை நிறைய. சில மென்பொருள் வரம்பைப் பார்க்காமல் முழுதாக எழுதிவிடும், பெரும்பாலானவை அதையும் படித்துவிடும்.

இன்னொரு கோளாறும் சொல்லிவிடுகிறேன். ஐபிடிசி பகுதி தொடங்கும் இடத்தில் "இது யூடிஎஃப்-8" என்று ஒரு மூன்று பைட் அறிவிப்பு இருக்க வேண்டும். எழுதும் மென்பொருள் அதை விட்டுவிட்டால், படிக்கும் மென்பொருள் லத்தீன் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ என்று வரிசையாக வந்தால் அது தமிழ்தான், அறிவிப்பு மட்டும் இல்லை. தரவு கெடவில்லை, அறிவிப்பைச் சேர்த்தால் தமிழ் திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்து யாரும் அழித்துவிடாதீர்கள்.

எக்ஸிஃபிலும் விளக்கப் புலம் ஆஸ்கி எழுத்துக்கு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துக்கு, என்றுதான் இருந்தது. 2023இல் வந்த எக்ஸிஃப் 3.0தான் யூடிஎஃப்-8ஐ முறையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே பல மென்பொருள்கள் அதில் தமிழை எழுதத்தான் செய்தன.

வீட்டுப் படங்களுக்கு என் யோசனை: எக்ஸ்எம்பி மட்டும் இருக்கட்டும். படக் கோப்பின் விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு ஐபிடிசி ஐஐஎம் பகுதியை மொத்தமாக நீக்கிவிடலாம். படிக்க அது இல்லையென்றால் மென்பொருள் எக்ஸ்எம்பிக்குப் போகும். அந்தக் கருவி திருத்தும் முன் பழைய கோப்பை ஒரிஜினல் என்று பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைத்துவிடும், அதனால் பயமில்லாமல் செய்யலாம். பத்திரிகைக்கு அனுப்பும் படத்தில் மட்டும் நீக்காதீர்கள், பல இடங்களில் இன்னும் ஐஐஎம்தான் படிக்கிறார்கள்.

நெகட்டிவ்காவல்:

எல்லோரும் கோப்புக்குள் எழுதுவதையே பேசுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். ஸ்கேன் செய்த டிஃப் என்பது நெகட்டிவ் மாதிரி. நெகட்டிவ் மேல் யாராவது பேனாவால் எழுதுவார்களா? உறையின் மேல்தான் எழுதுவோம். எக்ஸ்எம்பி பக்கக் கோப்புதான் அந்த உறை.

மூலக்கோப்பின் கைரேகையை ஒரு தடவை எடுத்து வைத்தால், பத்து வருடம் கழித்தும் ஒரு பைட் கூடக் கெடவில்லை என்று நிரூபிக்கலாம். உள்ளே ஒரு பெயர் சேர்த்தாலும் கைரேகை மாறிவிடும், கெட்டுப்போனதா திருத்தியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவிர, 60 எம்பி டிஃப்பில் ஒரு சொல் மாற்றினால் பேக்கப் மென்பொருள் பல நேரம் 60 எம்பியையும் மறுபடி ஏற்றும். பக்கக் கோப்பு என்றால் சில கிலோபைட்.

ஸ்டுடியோ_மகன்:

அண்ணே, உங்கள் வாதம் ஆவணக்காப்பகத்துக்குச் சரி. குடும்பத்துக்குச் சரிவராது. எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைப் பக்கக் கோப்போடு கொடுத்துப் பார்த்தோம். வாங்கினவர்கள் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, "இது என்ன திறக்க மாட்டேங்குது" என்று எக்ஸ்எம்பியை அழித்துவிட்டார்கள். பெயர் மாற்றினாலும் போச்சு. லைட்ரூம் படத்தின் பெயருக்கு மட்டும் எக்ஸ்எம்பி சேர்க்கும், டார்க்டேபிள் படத்தின் பெயரோடு, கடைசியில் வரும் ஜேபிஜி போன்ற வகைக்குறியையும் வைத்துச் சேர்க்கும். ஒன்று எழுதியதை இன்னொன்று தேடும்போது பெயர் பொருந்தாமல் போகலாம். உள்ளே இருந்தால் படம் போகிற இடமெல்லாம் பெயரும் போகும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்பது வேறு. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். குடும்பக் குழுவில் இதைச் சொல்லி வையுங்கள்.

உள்ளே எழுதுவதில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். ஆல்பம் டிசைனுக்கு ஒரே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) டெம்ப்ளேட்டை வருடக்கணக்கில் நகலெடுத்து நகலெடுத்துப் பயன்படுத்துவோம். ஒரு நாள் சின்னதாக ஏற்றுமதி செய்த ஜேபெக் பல எம்பிக்கு வந்து நின்றது. உள்ளே பார்த்தால், இத்தனை வருடம் எந்தெந்தக் கோப்பிலிருந்து லேயர் ஒட்டினோமோ அத்தனை கோப்பின் அடையாள எண்ணையும் எக்ஸ்எம்பி முன்னோர் பட்டியல் என்று சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பட்டியலை நீக்கியதும் சரியானது.

அப்புறம், எக்ஸிஃபுக்குள் 160க்கு 120 அளவில் ஒரு சிறுபடம் இருக்கும். படத்தை வெட்டினால் அதுவும் புதுசாக வேண்டும். சில மென்பொருள் அதைத் தொடாமல் விட்டுவிடும். நாங்கள் ஒரு தடவை பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்துக் கொடுத்தோம், சிறுபடத்தில் அவர் அப்படியே நின்றார். வெட்டியதற்குக் காரணம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

நெகட்டிவ்காவல்:

குடும்பத்தில் பக்கக் கோப்பு தொலையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டு பிரதி வைக்கலாம். டிஃப் மூலக்கோப்புகளைத் தொடாமல், கைரேகை எடுத்து, கேட்டலாக் நகலோடு ஒரு டிஸ்க்கில். பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஜேபெக் பிரதி, உள்ளே பெயரோடு. கேட்டலாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள் சார். தொகுப்புகள், மெய்நிகர் பிரதிகள் போன்றவை கேட்டலாக்கில்தான் இருக்கும், எக்ஸ்எம்பிக்குப் போகாது.

பழையபெட்டி:

இது எனக்குப் பொருந்தும். அப்படியே செய்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, தேதி. எல்லாப் படமும் நான் ஸ்கேன் செய்த நாளையே காட்டுகிறது. பல படங்களின் பின்பக்கம் அப்பா மை பேனாவால் எழுதியிருக்கிறார். ஒன்றில் "தீபாவளி 74" என்று மட்டும் இருக்கிறது. நாள் தெரியாது. என்ன போடுவது? சும்மா ஜனவரி 1 என்று போட மனசு வரவில்லை.

மாலைப்பதிப்பு:

போடாதீர்கள். எழுதிவிட்டால் அது உண்மைபோல் நின்றுவிடும்.

எக்ஸிஃபில் மூன்று தேதி உண்டு: படம் எடுத்தது, எண்மமாக்கியது, கடைசியாக மாற்றியது. உங்கள் ஸ்கேன் தேதி இரண்டாவதில் இருப்பது சரிதான், அதை மாற்ற வேண்டாம். முதலாவதில்தான் 1974 வர வேண்டும். ஆனால் ஆண்டு மட்டும் தெரியும் என்று சொல்ல எக்ஸிஃபில் ஒழுங்கான வழியில்லை, மணி நிமிடம் நொடி வரை கேட்கும். எக்ஸ்எம்பியில் ஆண்டு மட்டும் எழுதலாம், ஆண்டும் மாதமும் மட்டும் எழுதலாம். ஆக, எக்ஸ்எம்பியின் உருவாக்கிய தேதியில் ("டேட் கிரியேட்டட்" என்ற புலம்) 1974 என்று நாலு இலக்கம் போடுங்கள். எக்ஸிஃபின் எடுத்த தேதியைக் காலியாக விடுங்கள். பின்பக்க எழுத்தை அப்படியே, அப்பா எழுதியபடியே, விளக்கத்தில் சேருங்கள். முடிந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

சில கேலரி செயலிகள் இந்தப் படத்தை வரிசையில் தப்பான இடத்தில் காட்டும். அது பரவாயில்லை.

பழையபெட்டி:

நேற்று இரவு முடித்தேன். 410 டிஃப் கோப்புகளும் தொடாமல் தனி டிஸ்க்கில் இருக்கின்றன, கைரேகைப் பட்டியலும் கேட்டலாக் நகலும் கூட. அவற்றுக்கு ஜேபெக் பிரதி எடுத்து, 1,386 ஜேபெக்கிலும் எக்ஸ்எம்பி எழுதி, ஐபிடிசியை நீக்கினேன். ஒன்பது படத்தில் எழுத முடியவில்லை என்று வந்தது. அவை பழைய டிவிடியிலிருந்து நகலெடுத்தவை, படிக்க மட்டும் என்ற குறி இன்னும் நீங்காமல் இருந்தது. அதை எடுத்ததும் எழுதியது.

காலையில் தம்பி வீடியோ காலில் வந்து, அவன் திரையைக் காட்டினான். திருவண்ணாமலை லை-யோடு இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் புள்ளி வந்துவிட்டது. தீபாவளி 74 படத்தைத் திறந்து விளக்கத்தை வாசித்தான்: "இடமிருந்து இரண்டாவது, பாவாடையில் நிற்பது அத்தை, கையில் கம்பி மத்தாப்பு." அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கம்பி மத்தாப்பு இல்லைடா, அது சாட்டை" என்றார். திருத்தி எழுதிவிட்டு அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.